வலி தெரியாத வித்தை

"வாய்க்குள்ள இருந்து புறா, முயல் எதுவும் எடுக்கக் கூடாது. அப்புறம் ஒருத்தரும் என்கிட்ட வாயைத் திறக்க மாட்டாங்க" என்று பல் டாக்டர் முதலிலேயே கண்டிஷன் போட்டார்.

மேஜிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆறு மாதமாக ஒரு மேடையும் கிடைக்காத மனிதர், வேறு என்ன செய்வார்?

டாக்டருக்குக் கைராசி உண்டு. ஆனால் உள்ளே யாராவது "ஆ" என்று அலறினால், வெளியே காத்திருப்பவர்களில் நாலு பேர் சத்தமில்லாமல் நழுவிவிடுவார்கள். அவர்களைப் பிடித்து வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. இன்று காலை சோதனை. தேறினால் மாதச் சம்பளம்.

தேறாவிட்டால் பெயிண்ட் கடை. "திங்கட்கிழமையிலேர்ந்து எங்க அண்ணன் கடையில போய் நில்லுங்க. இல்லேன்னா, மாசா மாசம் சம்பளம் வர்ற வித்தை ஏதாவது தெரிஞ்சா காட்டுங்க" என்று மனைவி கெடு வைத்திருந்தாள். மச்சானிடம் போய்க் கைகட்டி நிற்க மேஜிக்காரருக்கு மனசே வரவில்லை.

பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவரை வெறுப்பாகப் பார்த்தார்கள். அவர் ஒருவர் காதிலிருந்து காசு எடுத்தார். கைக்குட்டையை விழுங்கி முழங்கையிலிருந்து உருவினார். பத்தே நிமிடத்தில் கன்னத்திலிருந்த கைகள் தட்ட ஆரம்பித்தன. ஒருவரும் ஓடவில்லை.

ஒருவரும் உள்ளேயும் போகவில்லை.

"டோக்கன் மூணு!" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

"இரும்மா, வெட்டின கயிறு ஒட்டுதான்னு பார்த்துட்டு வரேன்."

"டோக்கன் நாலு!"

"எனக்கு இப்ப வலியே இல்ல சிஸ்டர். வீட்டுக்கே போயிடலாமான்னு இருக்கேன்."

டாக்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஏங்க, இவங்களைப் பிடிச்சு வைக்கத்தானே சொன்னேன்? குணப்படுத்தவா சொன்னேன்?"

"ஒரு நிமிஷம் டாக்டர். சரி பண்ணிடறேன்."

டோக்கனையே வித்தையில் சேர்த்துவிட்டால் ஆட்கள் தானாக உள்ளே போவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. எல்லா டோக்கனையும் தொப்பியில் வாங்கிக் குலுக்கினார். பெஞ்சில் இருந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு ஆளுக்கொன்று எடுத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, யார் கையில் எந்த நம்பர் என்று அப்படியே சொன்னார். கைத்தட்டல் ஓய்ந்ததும் சண்டை ஆரம்பித்தது.

"காலையில ஏழு மணிக்கே வந்தவன் நான். எனக்குப் பதினொண்ணா?"

"நான் அஞ்சாவது ஆளுங்க! நேத்தே போன் பண்ணினேன்!"

நர்ஸ் நோட்டை மூடி மேஜையில் ஓங்கி அடித்தாள். "இனிமே யாரு எப்ப வந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. கையில எந்த நம்பரோ அதுதான். டோக்கன் மூணு!"

ஐம்பது வயதைத் தாண்டிய பெரிய மீசைக்காரர் ஒருவர் சிரித்த முகத்தோடு துள்ளி எழுந்தார். "நான்தான்! எங்க உட்காரணும்?"

டாக்டருக்குக் கண் கலங்காத குறை. இருபது வருஷத் தொழிலில் இப்படிச் சிரித்துக்கொண்டே நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஆளை அவர் பார்த்ததில்லை.

"அவரும் வரணும்" என்று மீசைக்காரர் மேஜிக்காரரைக் கைகாட்டினார். "அவர் இல்லாம எப்படி?"

மேஜிக்காரர் உள்ளே போனார். இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவருக்குப் புரிந்தது. ஒரு காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "கண்ணு என் கை மேல மட்டும் இருக்கணும் சார். வேற எங்கயும் பார்க்கக் கூடாது" என்றார்.

காசு ஒன்று இரண்டானது. இரண்டு நாலானது. மீசைக்காரர் வாய் பிளந்தார். டாக்டர் சட்டென்று ஊசியைப் போட்டார். காசு சட்டைப் பையிலிருந்து வந்தது, மீசையிலிருந்து வந்தது. வாய் நன்றாக மரத்துப் போனது. கடைவாயில் ஒரு பல் கறுத்திருந்தது. அந்த வயதில் யார் வாயைத் திறந்தாலும் அப்படி ஒன்று இருக்கும். டாக்டர் இடுக்கியை எடுத்தார்.

"இப்ப கையை மூடறேன்… திறக்கறேன்!"

காசைக் காணோம். உள்ளங்கையில் ஒரு பல் இருந்தது.

மீசைக்காரர் கைதட்டினார். "பிரமாதம்! யாரோட பல்லு அது?"

"உங்களோடதுதான் சார்."

அவர் நாக்கால் துழாவிப் பார்த்தார். கண்கள் அகல விரிந்தன. டாக்டரோ மேஜிக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க! இனிமே இப்படித்தான் புடுங்கணும்!"

மேஜிக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெயிண்ட் கடை ஒழிந்தது!

மீசைக்காரர் பல்லைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே ஓடினார். "வலியே தெரியலம்மா!" என்று மரத்த வாயோடு குழறினார். "துளிகூடத் தெரியல!"

பெஞ்சு ஓரத்தில், கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படிங்க வலி தெரியும்? பல்வலி எனக்கு. நீங்க துணைக்குத்தானே வந்தீங்க?"