எரிமலைக்கு நெய் கொண்டுபோன பௌர்ணமி

இந்த உலகத்தில் எரிமலை பார்க்கப் போனவர்கள் எத்தனையோ பேர். அதற்கு ஊற்ற நெய் எடுத்துக்கொண்டு போன கூட்டம் ஒன்றே ஒன்றுதான். அது கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பியது. கூட்டிக்கொண்டு போனவர் பௌர்ணமி. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு இன்றைக்கும் தலைகால் புரியாத பெருமை.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அது தேவைப்படவில்லை. மாதாமாதம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலத்துக்கு வேன் விடுவார், அதனால் பௌர்ணமி. அமாவாசைக்கு மேல்மலையனூருக்கும் வேன் விடுவார். ஆனால் ஒரு நல்ல மனிதரை அமாவாசை என்று கூப்பிட யாருக்கும் மனசு வரவில்லை. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதிதான் அவருடைய ஆபீஸ். குரல் மட்டும் பாதியில் அடங்காது. நான்குமுனை சந்திப்பில் அவர் தும்மினால் கோமுகி அணையில் மீன் பிடிக்கிறவர்கள் "நூறு" என்பார்கள்.

பௌர்ணமியின் கொள்கை எளிமையானது. பூமியில் எந்த இடத்துக்குப் போனாலும் அது கிரிவலம்தான். சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம், ஒரு கேஸ் அடுப்பு, அண்டா நிறையப் புளியோதரை, முன்னால் ஒரு பேனர். இவை இருந்தால் போகமுடியாத ஊரே கிடையாது. காசிக்கும் இப்படித்தான் போனார். காஷ்மீருக்கும் இப்படித்தான் போனார். "பனி இன்னாங்க பனி, இட்லி மாவு பொங்குதா இல்லியா, அதைச் சொல்லுங்க" என்று காஷ்மீரில் ஒரு மிலிட்டரிக்காரரைக் கேட்டாராம்.

அவருடைய மனைவி பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். ஊரே டீச்சர் என்று கூப்பிட்டது. கட்டின புருஷனும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். எரிமலைப் பாடம் வருகிற வாரம் டீச்சர் மேசை மேல் களிமண்ணில் மலை செய்து, உள்ளே சமையல் சோடாவும் குங்குமமும் போட்டு, எலுமிச்சம்பழத்தைப் பிழிவார். அது பொங்கி வழிவதைப் பார்க்கப் பக்கத்து வகுப்புகள் ஜன்னலில் தொங்கும். ஒரு வருஷம் பௌர்ணமியின் வேனுக்கு வைத்திருந்த பழமெல்லாம் எரிமலைக்குப் போய்விட்டது. அந்த மாதம் கிரிவல வேன் சாத்துக்குடியை நசுக்கிவிட்டுக் கிளம்பியது.

டீச்சர் ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் டீக்கடையில் பௌர்ணமி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அப்போது நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா.

"சார், டீச்சருக்குக் கண்ணு கம்மியாகிக்கினே வருது. ஓரமெல்லாம் இருட்டிப்போச்சாம். நடுவுல ஒரு தட்டு அளவுதான் தெரியுதாம். பாண்டிச்சேரில பெரிய டாக்டரு பாத்துட்டு, இருக்கற வரைக்கும் இருக்கும்னுட்டாரு."

டீ கிளாஸை வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"இத்தினி வருசமா புள்ளைங்களுக்கு எரிமலை எரிமலைன்னு சொல்லிக் குடுத்தாங்க. ஒண்ணைக்கூட நேர்ல பாத்ததில்ல. அந்தத் தட்டு மூடறதுக்குள்ள காட்டிடணும் சார்."

"ரெண்டு பேரும் போய்ட்டு வாங்களேன்."

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி பார்த்தார். "ரெண்டு பேரு மட்டுமா? அப்பிடிப் போறதுக்கு எனக்குத் தெரியாதுங்களே. வண்டி நெறைய ஆளு இருந்தாத்தான் எனக்கு வழியே தெரியும்." பிறகு குரலை இறக்கினார். அவர் இறக்கினதே பக்கத்து மேசைக்குக் கேட்டது. "டீச்சருக்காகன்னு வெளில சொல்லிடாதீங்க. எல்லாரும் பாவமா பாப்பாங்க. அவங்களுக்கு அது புடிக்காது."

ஆக, ஒரு மனைவிக்கு ஒரு மலையைக் காட்ட, ஒரு வண்டி ஆள் சேர்க்கக் கிளம்பினார் மனிதர்.

'உயிருள்ள எரிமலை தரிசனம்! ஜாவா தீவு! சைவ உணவு!' என்று ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தார். ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு எரிமலைப் படத்துக்கு எங்கே போவது? "எரியற மலைதானேண்ணே, இருக்குது" என்று திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டு, மேலே ஜாவா என்று எழுதிவிட்டார். அது சந்திப்பில் கட்டப்பட்ட அன்றே ஊர் முடிவு செய்துவிட்டது. கடல் தாண்டி ஒரு தீபமலை இருக்கிறது. பௌர்ணமி கூட்டிக்கொண்டு போகிறார்.

டீ மாஸ்டர் மட்டும் நம்பவில்லை. "மலையில பொகை வர்றதைப் பாக்க அவ்ளோ தூரம் போவணுமா? நம்ம கல்வராயன் மலையிலகூடத்தான் சாராய அடுப்புலேர்ந்து வருது. போலீஸ்காரங்க மாசத்துக்கு ரெண்டு வாட்டி டூர் போறாங்க" என்றார்.

ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போடுகிற ராஜாமணி அக்கா. கார்த்திகை தீபத்துக்கு வருஷா வருஷம் நெய் கொடுக்கிறவர்.

"ஏங்க பௌர்ணமி, அந்த மலைக்கு நெய் குடுக்கறது யாரு?"

பௌர்ணமி வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார் என்று நினைக்கிறேன். "யாரும் இல்லீங்க. தானாத்தான் எரியுது."

"அய்யோ பாவமே" என்றார் அக்கா. மறுவாரம் ஒரு தூக்கு நிறைய நெய் காய்ச்சிவிட்டார். அதைப் பார்த்து இரும்புக்கடை முருகேசன் ஒரு தூக்கு காய்ச்சினார். கிளம்புகிற நாளில் எங்களிடம் நெய் இல்லாத பையே இல்லை.

சென்னை விமான நிலையத்தில் நெய் பெட்டியோடு தப்பித்தது. கற்பூரம் மாட்டிக்கொண்டது. அதிகாரி பாக்கெட் பாக்கெட்டாக வெளியே எடுத்து வைத்தார்.

"எதுக்குங்க இவ்ளோ கற்பூரம்?"

"மலைக்குக் காட்டத்தாங்க."

"எந்த மலை?"

"எரிமலைங்க."

அதிகாரி கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "அதுதான் ஏற்கெனவே எரிஞ்சிக்கிட்டு இருக்குமே?"

"அதுக்காகக் காட்டாம இருக்க முடியுங்களா?" என்றார் பௌர்ணமி. கற்பூரத்தை விட்டுக்கொடுத்தார். விமானத்தின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க ஆள் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்தார். இல்லை என்றதும் விமானம் மேலே ஏறி முடிகிறவரை பழத்தைத் தன் மடியிலேயே வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

ஜாவாவின் சுரபாயா நகரத்தில் எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் பெயர் அகுஸ். எங்கள் கூட்டத்தின் வாயில் அது ஐந்து நிமிஷத்தில் ஆகஸ்டு ஆகிவிட்டது. "நான் பௌர்ணமி, அவரு ஆகஸ்டு. காலண்டரே கூட வருது, இனிமே இன்னா கவலை" என்று பௌர்ணமி அவரைக் கட்டிப்பிடித்தார். ஆகஸ்டுக்குத் தமிழ் தெரியாது. பௌர்ணமிக்கு வேறெதுவும் தெரியாது. கடைசிவரை இரண்டு பேரும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சந்தேகமும் வந்ததில்லை. நடுவில் இங்கிலீஷை வைத்து மொழிபெயர்த்த எனக்குத்தான் வந்தது.

நாங்கள் பார்க்கப்போன மலைக்குப் பெயர் புரோமோ. பிரம்மா என்பதுதான் அங்கே அப்படி ஆகிவிட்டது என்று ஆகஸ்டு சொல்ல, நான் தமிழில் சொன்னேன். பௌர்ணமி வண்டியில் எழுந்து நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா! நம்ம அண்ணாமலையார் நெருப்பா நின்னப்ப முடியைப் பாத்துட்டேன்னு பொய் சொன்னது யாரு? பிரம்மா. உனக்குக் கோயிலே கெடையாது போன்னு சாபம் குடுத்துட்டாரு. கோச்சிக்கினு கெளம்பின மனுசன் இங்க வந்து உக்காந்து இன்னும் பொகைஞ்சிக்கினு இருக்காரு!"

வண்டியே "அரோகரா" போட்டது. ஆகஸ்டும் போட்டார். நான் எத்தனையோ வழிகாட்டிகளிடம் எத்தனையோ விளக்கம் கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவான எரிமலை விளக்கம் எதையும் கேட்டதில்லை.

முதல் நாள் எதிர்மேட்டில் நின்று பார்த்தோம். ஒரே மேகம். மேகத்துக்கு மேலே கொஞ்சம் புகை எட்டிப்பார்த்தது. "நம்ம சக்கரை ஆலைக் குழாய்லகூட இதைவிட ஜாஸ்தி வருமே" என்றார் ராஜாமணி அக்கா. டீச்சர் அந்தத் திசையில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, தெரிகிற வட்டத்துக்குள் மலையைக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை.

இரண்டாம் நாள் மலையடிவாரத்துக்கே போனோம். அங்கே கயிறு கட்டியிருந்தார்கள். காற்று திரும்பி கந்தகப் புகை படிக்கட்டின் பக்கமாக இறங்குகிறது, இன்றைக்கு யாரும் ஏறக்கூடாது என்றார் காவலர். பௌர்ணமி அவருக்குப் புளியோதரை கொடுத்துப் பார்த்தார். அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். கயிற்றை அவிழ்க்கவில்லை.

சாயங்காலம் தங்கியிருந்த வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். மறுநாள் இரவு விமானம். பகலில் சுரபாயா கடைத்தெரு என்று திட்டம்.

"நாளைக்குக் காலைல இன்னொரு வாட்டி மலைக்குப் போய்ப் பாக்கலாங்களா?" என்று பௌர்ணமி கேட்டார்.

முருகேசன் முகத்தைச் சுளித்தார். "பொகையைத்தான் பாத்தாச்சே பௌர்ணமி. வூட்டுக்குப் பொடவை வாங்கலன்னா நான் உள்ள போவ முடியாது. மறுபடியும் கயிறு கட்டியிருந்தா இன்னா பண்றது?"

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். டீச்சர் மெதுவாக, "விடுங்க. இவ்ளோ தூரம் வந்ததே போதும். எல்லாரையும் ஏன் தொல்லை பண்ணிக்கினு?" என்றார்.

கோமுகி அணைவரை கேட்கிற அந்தக் குரலுக்கு அன்றைக்குச் சத்தமே வரவில்லை. காரணத்தைச் சொன்னால் ஒரு நொடியில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். சொல்லமாட்டார். டீச்சரைப் பாவமாகப் பார்க்கவிடமாட்டார். போர்வையின் நுனியை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார். நானே சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன்.

அதற்குள் ராஜாமணி அக்கா தூக்கை நடுக்கூடத்தில் டங்கென்று வைத்தார். "இன்னா வெளையாடறீங்களா? மலைக்குன்னு காய்ச்சின நெய்யை மறுபடியும் வூட்டுக்கு எடுத்துக்கினு போவ முடியுமா? அதை ஊத்தி நானு தோசை சுடறதா? பொடவை கெடக்குது. நாளைக்கு மலைக்குத்தான் போறோம்!"

எல்லோர் பையிலும் அதே நெய் இருந்தது. முருகேசன் தன் தூக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமாமா, அது தப்பாய்டும்" என்றார்.

மறுநாள் காலை கயிறு இல்லை.

கறுப்பு மணல் வெளியை ஜீப்பில் தாண்டி இறங்கினதும் எங்கள் பெண்கள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். மலையென்றால் வெறுங்காலோடுதான். ஆகஸ்டு பதறிப்போய் என்னைப் பார்த்தார். "விடுங்க, நாங்க அப்பிடித்தான்" என்று தமிழிலேயே சொன்னேன். புரிந்துகொண்டார். முன்னால் பௌர்ணமி, அவர் தோள்துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் டீச்சர். "படி... படி... இங்க கொஞ்சம் ஒடைஞ்சிருக்குது... படி..." என்று உச்சிவரைக்கும் சொல்லிக்கொண்டே ஏறினார்.

உச்சியில் எரிமலை வாயின் விளிம்பில் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். கதை விடவில்லை, நிஜமாகவே பிள்ளையார். ராஜாமணி அக்கா ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், எரிமலை ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்டிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பூங்கொத்தை வாங்கி மலைக்குள் வீசுவார்கள். எங்கள் கூட்டம் பூங்கொத்தை வாங்கி, நெய்யில் முக்கி வீசியது. ஆகஸ்டுக்கு அது மிகவும் பிடித்துப்போய் அவரும் ஒன்றை முக்கி வீசினார்.

ஆனால் உள்ளே வெள்ளையாகப் புகை, புகை, புகை மட்டும், அடியிலிருந்து ஓயாத உறுமலோடு. டீச்சர் விளிம்பின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக இருமிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். பௌர்ணமி நகரவில்லை. நானும் நகரவில்லை.

காற்று திரும்பியது. புகை ஒரு பக்கமாக ஒதுங்கியது. கீழே, நினைத்துப்பார்க்க முடியாத ஆழத்தில், வெந்துபோன பாறைக்கு நடுவே அடுப்புக் கங்கு போல ஒரு சிவப்பு. டீச்சர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் திருப்பி, அப்படியே நிறுத்திக்கொண்டார். கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"எவ்ளோ சத்தம்! இந்தச் சத்தத்தை ஒரு புஸ்தகத்துலயும் போடலீங்களே!" என்றார் டீச்சர். புகை மறுபடி வந்து மூடுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜீப்பில் திரும்பும்போது டீச்சர் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து, பூமிக்குள் என்ன நடக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். பௌர்ணமி என் பக்கத்தில் இருந்தார்.

"எரிமலை எப்பிடிண்ணே?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சாம் சார்."

"இருந்துச்சாமா? நீங்க பாக்கலையா?"

"நான் எங்க பாத்தேன்?" என்றார் பௌர்ணமி. "டீச்சர் பாக்கறதைப் பாத்துக்கினே நின்னுட்டேன்."