ஏழாம் நடைவழியில் வருவது

பதினான்கு காலும் மூன்று வாயும் உள்ள ராணி, விண்கலத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு தலைமேல் குதித்தபோது சோதனையண்ணன் கொட்டாவி விட்டார். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை ஒருமுறை அதிர்ந்தது. நீங்கள் ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பதாகத் தெரிகிறது, அலாரம் வைக்கவா என்று அதன் சின்னத் திரை கேட்டது.

அவர் உறங்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோ கேம் செய்யும் அந்தக் கம்பெனியில் அவருக்கு வேலை பயப்படுவது. புது விளையாட்டு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஆளில்லாத விண்கலம், இருட்டு நடைவழிகள், எங்கேயோ ஒளிந்திருக்கும் மிருகங்கள், கையில் ஒரு துப்பாக்கி. சுட்டால் நீங்கள் பிழைப்பீர்கள், சுடாவிட்டால் அவை பிழைக்கும். அதை முதலில் ஆடிப் பார்ப்பவர் சோதனையண்ணன். பட்டை அவருடைய நாடித்துடிப்பைக் கோடாக வரையும். கோடு ஏறினால் அந்த இடம் நன்றாகப் பயமுறுத்துகிறது என்று பொருள். படுத்தால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும்.

ஒரு வாரமாகக் கோடு படுத்தே கிடந்தது. அறுபத்திரண்டு.

அவருக்கு வயது நாற்பத்தாறு. பதினோரு வருடமாக இதே உத்தியோகம். கடிபட்டு, நசுங்கி, எரிந்து, காற்றில்லாத வெளியில் எறியப்பட்டு எத்தனை முறை செத்திருப்பார் என்பது அவருக்கே நினைவில்லை. செத்துப் பிழைப்பது என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். அவர் உண்மையிலேயே செத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல நாள் பூரா சாகுறீங்க, வீட்டுக்கு வந்தாவது கொஞ்சம் உயிரோட இருங்களேன்" என்பாள் மனைவி. அவர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

செப்டம்பர் முப்பதாம் தேதி, விளையாட்டை வாங்கி வெளியிடும் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வருவதாக இருந்தது. கோடு ஓரிடத்திலாவது நூற்றுப்பத்தைத் தாண்டினால் விளையாட்டு, அக்டோபர் கடைசியில் மேல்நாட்டார் கொண்டாடும் பேய்த் திருநாளான ஹாலோவீனுக்குக் கடைக்குப் போகும். தாண்டாவிட்டால் அலமாரிக்குப் போகும். ஹாலோவீன் முடிந்தபின் பேய் விளையாட்டை வெளியிடுவது மழை விட்டபின் குடைக்கடை திறப்பது போலத்தான். அலமாரிக்குப் போனால் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பதை மேனேஜர் மறைக்கவில்லை.

"பயப்படத்தான் உங்களை வச்சிருக்கோம். அதையும் நீங்க செய்யலன்னா எப்படி?"

நியாயமான கேள்வி. நாற்பத்தாறு வயதில், சாவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒருவருக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்? அந்த நினைப்பு கோட்டை நன்றாகவே ஏற்றியிருக்கும். ஆனால் அது வருவதெல்லாம் படுக்கையில் புரளும்போதுதான். பட்டை அப்போது கையில் இருப்பதில்லை.

முதலில் ராணிக்கு மேலும் நான்கு கால் சேர்த்தார்கள். ஓவியம் வரையும் பெண் இரண்டு நாள் கண் விழித்து ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி ரோமம் வரைந்தாள். பதினெட்டுக் காலோடு ராணி வந்து நின்றபோது, இவ்வளவு காலையும் மடக்கி உட்கார இவளுக்கு எவ்வளவு நேரமாகும் பாவம் என்று சோதனையண்ணனுக்குத் தோன்றியது. கோடு ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது.

அடுத்த நாள் அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். ஆட உட்காரும் முன் நான்கு மாடியும் படியில் ஓடி ஏறினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் படி துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒதுங்கி வழிவிட்டு, "லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது சார்" என்றார். அவர் இரைக்க இரைக்க மேலே ஓடினார்.

நாடி நூற்றிருபதைத் தொட்டது உண்மைதான். ஆனால் அது தொட்டது விளையாட்டு தொடங்கும் முன், திரையில் கம்பெனியின் சின்னமான மஞ்சள் வாத்து வந்து நிற்கும் இடத்தில். மிருகங்கள் வருவதற்குள் மூச்சு அடங்கிக் கோடும் படுத்துவிட்டது. மேனேஜர் கிராஃபை வெகுநேரம் பார்த்தார். இந்த மனிதருக்கு வாத்து என்றால் பயம் என்று முடிவு கட்டினார். மறுநாளே விண்கலத்தின் கதவு, சுவர், கழிவறை எல்லாவற்றிலும் மஞ்சள் வாத்தை ஒட்டச் சொன்னார். ஓவியப் பெண் ஒட்டிவிட்டு, அண்ணனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது.

சோதனையண்ணனின் மேசை சுவரைப் பார்த்து இருந்தது. முதுகு வாசலுக்கு. புது மேனேஜர் மூன்று மாதத்துக்கு முன் பொறுப்பேற்ற அன்றே அப்படித் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு, "நான் எப்ப வேணாலும் வந்து உங்க பின்னாடி நிப்பேன், அதை மனசுல வச்சுக்குங்க" என்றார். அண்ணன் மனதில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் மதியம் மூன்றேகால் மணிக்கு, காதில் மாட்டிய ஹெட்போனின் இடப்பக்கப் பஞ்சு கிழிந்த ஓட்டை வழியாக, பின்னால் காலடிச் சத்தம் கேட்கும். மெதுவாக வரும். நாற்காலிக்குப் பின்னால் நிற்கும். பிறகு போய்விடும். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பினால் ஏன் திரும்பினாய் என்ற கேள்வி வரும். அதைவிட ஆடாமல் அசையாமல் சிலையாக இருப்பது மேல்.

வழக்கமாகக் காலையிலேயே ஆட்டம் முடிந்துவிடும். அன்று வாத்து ஒட்டி முடியத் தாமதமானதால் மதியம்தான் பட்டையைக் கட்டினார். ஏழாம் நடைவழியில் போய்க்கொண்டிருந்தார். மிருகம் எதுவும் இல்லாத, ஓர் அறைக்கும் மறு அறைக்கும் இடையிலான வெறும் பாதை அது. சரியாக அங்கே காலடிச் சத்தம் வந்து பின்னால் நின்றது. கோடு நூற்றுப்பதினெட்டுக்கு எகிறியது.

அறையே கூடிவிட்டது. ஏழாம் நடைவழியில் அப்படி என்ன இருக்கிறது என்று மேனேஜர் கேட்டார். உங்களைக் கண்டு பயந்தேன் என்று மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

"ஒண்ணுமில்ல சார்" என்றார் அண்ணன். "ஒண்ணுமே இல்லாததுதான் பயமா இருக்கு."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பது இதுதான். மேனேஜர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மிருகங்களை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லிவிட்டார். கடைசியாகப் பதினெட்டுக் கால் ராணியையும் தூக்கிவிட்டார்கள். ஓவியப் பெண் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். நிரல் எழுதுபவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"சுடுற விளையாட்டுல சுட ஒண்ணுமில்ல. துப்பாக்கியை வச்சு முதுகு சொறியவா?"

மறுநாள் காலையில் ஆடியபோது வெறும் நடைவழிகளும் மஞ்சள் வாத்துகளும்தான் இருந்தன. கோடு ஐம்பத்தைந்து. பட்டை மறுபடி அலாரம் வைக்கவா என்று கேட்டது.

முப்பதாம் தேதிக்கு நான்கு நாள்தான் இருந்தது. விண்கலம் காலி, வேலையும் அநேகமாகக் காலி, எல்லாம் தன் வாயால் வந்தது. அண்ணனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. மதியச் சாப்பாட்டின்போது ஒலி சேர்ப்பவரைத் தனியே அழைத்துப்போய்ப் பாதி உண்மையைச் சொன்னார். தன்னைப் பயமுறுத்தியது ஒரு சத்தம், அது தினமும் மூன்றேகாலுக்கு நாற்காலிக்குப் பின்னால் கேட்கும், பிடித்துப் போட முடியுமா என்று கேட்டார். ஒலிக்காரர் நாற்காலிக்கு அடியில் ஒரு மைக்கை ஒட்டிவிட்டுப் போனார்.

மாலையில் இருவரும் கேட்டார்கள். பொத்திப் பொத்தி வைக்கும் காலடிகள். ஒரு நிறுத்தம். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் உரசுவது போன்ற சரசரப்பு. அதன்பின், மைக் மிக அருகில் இருந்ததால், உதட்டைக் குவித்து உறிஞ்சும் ஒரு சின்னச் சத்தம். "உச்."

ஒலிக்காரர் தன் கை ரோமத்தைத் தடவிக்கொண்டார். அந்தச் சரசரப்பு செத்துப்போன ஒருவனின் விண்வெளி உடை, கடைசிச் சத்தம் சாப்பிடும் முன் நாக்கில் ஊறுகிற எச்சில் என்று அவரே கதையும் கட்டிவிட்டார்.

"யாருதுண்ணே இது?"

"கேக்காத. போடு."

போட்டார்கள். ஏழாம் நடைவழியில் மட்டுமல்ல, எல்லா நடைவழியிலும். ஆடுபவர் திரும்பிச் சுட்டால் பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். முன்னால் திரும்பியதும் மறுபடி காலடி வரும். ஓவியப் பெண் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் தனியாகப் போகமாட்டேன் என்று தம்பியை வரச்சொன்னாள். அண்ணனோடு மறுபடி பேசவும் தொடங்கினாள்.

அண்ணனுக்குத்தான் அப்போது புத்தி வந்தது. மேனேஜர் இதைக் கேட்டால் தன் நடை என்று தெரிந்துவிடுமே. தன்னைப் பிசாசாக்கி உலகம் முழுக்க விற்கப் பார்த்தவனை எந்த மேனேஜர் விட்டுவைப்பார்? சுருதியை மாற்றி ஆள் அடையாளம் தெரியாமல் செய்யச் சொன்னார். ஒலிக்காரர் சுருதியை இறக்கினார். நடை கனமாகி, அண்ணன் காதுக்கு அசல் மேனேஜராகவே ஆகிவிட்டது.

முப்பதாம் தேதி மதியம் அந்த அம்மாள் வந்தார். அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பதினோரு வருடம் செத்தவருடைய நாடியை நம்ப முடியாது, வாரத்துக்கு மூன்று பேய் விளையாட்டு பார்க்கும் தன் நாடியும் உதவாது என்றார். பட்டையை எடுத்து மேனேஜரிடமே நீட்டினார்.

"நீங்களே ஆடுங்க சார்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். வாத்துகளைக் கடந்து, முதல் நடைவழி கடந்து, ஏழாம் நடைவழிக்கு வந்தார். காலடி வந்தது. நின்றது. சரசரத்தது. "உச்" என்றது. கோடு நூற்று நாற்பத்திரண்டுக்குப் போய் நின்றது. மேனேஜர் ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் வைத்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

ஹாலோவீனுக்கு இதுதான் என்று சொல்லி அந்த அம்மாள் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். எல்லோரும் கை தட்டினார்கள். சோதனையண்ணன் மட்டும் தட்டவில்லை. மேனேஜர் அவர் தோளைப் பிடித்துத் தன் அறைக்குள் அழைத்துப்போய், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். பதினோரு வருடச் சாவுகளில் எதற்கும் இப்படிப் பயந்ததில்லை என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

"இந்தச் சத்தம் உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"மன்னிச்சிடுங்க சார். உங்களைக் கேலி பண்ணணும்னு இல்ல. நீங்க தினம் என் பின்னாடி வந்து நிக்கிறப்ப எடுத்தது."

மேனேஜர் திரும்பி அவரைப் பார்த்தார். கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. இவரும் தன்னைப்போல் படுக்கையில் புரளுகிறவர்தான் என்று அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் எங்க வந்தேன்? அன்னைக்குச் சும்மா மிரட்டினதோட சரி. என் நாற்காலிக்குப் பின்னாடியும் தினம் இது வருது. எப்ப வேணாலும் பின்னாடி வந்து நிப்பேன்னு முதலாளி சொல்லியிருந்தார். அவர்தான்னு நினைச்சு, கண்ணை மூடிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். திரும்பிப் பாத்ததே இல்ல."

"முதலாளி யாருக்கும் சொல்லாம போன மாசமே வெளிநாடு போயிட்டாராம் சார், அவர் டிரைவர் சொன்னார்."

மேனேஜர் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அண்ணனும் அவர் பக்கத்தில் போய் நின்றார். சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால். வாசல் பக்கம் பொத்திப் பொத்தி வைக்கும் காலடிகள் வந்தன. நேராக அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன. பிளாஸ்டிக் சரசரத்தது. இரண்டு ஆண்களும் ஜன்னலைப் பார்த்தபடி கண்களை இறுக மூடிக்கொண்டார்கள். மேனேஜரின் கையில் இன்னும் கழற்றாமல் இருந்த பட்டை விடாமல் அதிர்ந்தது.

"உச்" என்றது பின்னால் நின்றது. பிறகு, படி துடைக்கும் அம்மாவின் குரலில், யாரும் எழுந்துவிடக் கூடாதே என்பது போல ரகசியமாகத் தனக்குத்தானே பேசிக்கொண்டது.

"தினமும் உக்காந்தபடியே தூங்குறாங்களே, எழுப்ப வேணாம்னுதான் சத்தம் போடாம வந்து, கூடையில இருக்குற குப்பைப் பையை உருவிட்டு, பாவம்னு உச்சுக் கொட்டிட்டுப் போவேன். இன்னைக்கு நின்னுகிட்டே தூங்குறாங்க ரெண்டு பேரும்."