வியாழக்கிழமை வலி ஒன்பது

ஐந்து வாரமாகத் தேடாத நோட்டை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போதுதான் பஸ் டிரைவர் தேடினார். அது பழைய செய்தித்தாள் கட்டுக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்ததும் அவரை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் வலி எப்படிக் குறைகிறது என்று பார்க்க, தினமும் காலையும் மாலையும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் எண் எழுத வேண்டும். நாற்பத்திரண்டு நாள். மூன்று பக்கச் சம்மதத் தாளில் நர்ஸ் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாரே தவிர, டிரைவர் ஒரு வரி படிக்கவில்லை.

முதல் ஆறு நாள் ஒழுங்காக எழுதியிருந்தார். பிறகு வலி குறைந்தது, கூடவே நோட்டும் மறந்துபோனது. இன்றைக்கு டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவர் பஸ் ஓட்டலாம் என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். ஜன்னல் வழியே தன் பஸ்ஸை வேறொருவர் கியர் கதறக் கதற ஓட்டிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், முழங்காலைவிட அவருக்கு மனசுதான் வலித்தது.

எதிரே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல எனக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு ஞாபகம் இருக்கா?"

"என்னைக் கேக்காதீங்க. இந்த விஷயத்துல நான் வாயைத் திறக்கக் கூடாது."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் மனைவி தானாக வாயை மூடிக்கொண்டது இதுதான் முதல் முறை. டிரைவர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

பத்து நாளுக்கான எண்களை எழுதிய பிறகுதான், எல்லாம் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போலத் தெரிந்தது. வீட்டிலிருந்த பேனாக்களையெல்லாம் திரட்டி நீலம், கறுப்பு, பச்சை என்று மாற்றி மாற்றி எழுதினார். இப்போது நோட்டு புதுக்கருக்கு மாறாமல் பளபளத்தது. பழசாகத் தெரியட்டும் என்று ஒரு சொட்டு டீ விட்டார். அது நான்காவது வாரத்தையே அடித்துக்கொண்டு போனது. மனைவியிடம் இஸ்திரிப் பெட்டி வாங்கி அந்தப் பக்கத்தைத் தேய்த்தார். பக்கம் அப்பளம்போல் பொரிந்தது. மனைவி இஸ்திரிப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் படித்துப் பார்த்தால் நான்கு, மூன்று, இரண்டு என்று வலி படிக்கட்டில் இறங்குவது போல அழகாக இறங்கியது. இவ்வளவு ஒழுக்கமான வலியை யார் நம்புவார்கள்? ஐந்தாவது வார வியாழக்கிழமையில் துணிந்து ஓர் ஒன்பது போட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். டிரைவரின் புளுகு ஆஸ்பத்திரியில் எட்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஆராய்ச்சி நர்ஸின் விரல் நேராகப் போய் அந்த ஒன்பதில் நின்றது.

"ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க. அன்னைக்கு ஏன் எங்களுக்குப் போன் பண்ணல?"

"பாத்ரூம்ல லேசா வழுக்கிடுச்சு சிஸ்டர்."

புது முழங்காலோடு விழுந்தால் அது லேசான விஷயமில்லையாம். நடந்து வந்தவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்தார். ஓடி வந்த டாக்டர், முழங்காலை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று மாதத்துக்கு பஸ் பக்கமே போகக் கூடாது என்றார்.

மூன்று மாதம் என்றதும் டிரைவர் சக்கர நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"டாக்டர், நான் விழவே இல்ல. வலியும் இல்ல. வலி இல்லாததால நோட்டு மறந்துபோச்சு. அத்தனையும் இன்னைக்குக் காலையில எழுதினது."

டாக்டர் பொரிந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. வருத்தப்பட்டார்.

"உங்களை நம்பி ஐம்பது பேர் ஏறுவாங்க. எதை நம்பி நான் கையெழுத்துப் போடுறது?"

டிரைவருக்கு அவமானமாக இருந்தது. அப்போது நர்ஸ் அவரைத் தாண்டி, கூட வந்திருந்த மனைவியைப் பார்த்து, ஆறு வாரம் முடிந்துவிட்டது, இனி நீங்கள் பேசலாம் என்றார்.

மனைவி பையிலிருந்து அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு நோட்டை எடுத்தார். தினமும் காலையும் மாலையும் ஃபிரிட்ஜின் மேல் வைத்து அவர் எழுதிக்கொண்டிருந்தது காய்கறிப் பட்டியல் என்றல்லவா டிரைவர் நினைத்திருந்தார். நோயாளியின் வலியைக் கூட இருப்பவரும் தனியாகக் கவனித்து எழுத வேண்டும், ஆறு வாரம்வரை ஒருவரிடம் ஒருவர் மூச்சு விடக் கூடாது என்று, டிரைவர் கையெழுத்துப் போட்ட தாளின் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது.

டாக்டர் புரட்டினார். ஒரு வேளை விடாமல் எண்கள். இரண்டாம் வாரம், 'மாடி இறங்கும்போது உதட்டைக் கடித்தார், ஐந்து'. ஐந்தாம் வாரம், 'செருப்பு மாட்டும்போது பாட்டு, ஒன்று'. டாக்டர் பேனாவைத் திறந்து சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

இத்தனை நாளும் தன் வலியைத் தான் ஒருவனே சுமந்ததாக நினைத்திருந்த டிரைவர், மனைவியின் பக்கம் திரும்பினார். கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மெல்லக் கேட்டார்.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார்: "இன்று காலை. முழங்கால் வலி, பூஜ்யம். நோட்டு எழுதும் வலி, ஒன்பது."