சத்தம் புகாத அறை

விடிந்து பார்த்தால் சுவரில் ஒரு காளான் முளைத்து நின்றது.

வைக்கோலில் காளான் வேரை வளரவிட்டு, பலகையாக்கி, தன் வேலை அறையின் சுவர், கதவு எல்லாவற்றையும் மூடியிருந்தார் வடிவமைப்பாளர். பிளாஸ்டிக் கிடையாது, ரசாயனம் கிடையாது, வெளிச்சத்தம் துளியும் நுழையாது. அதைப் பார்க்கத்தான் இன்று ஒலிப்பதிவுக்கூட முதலாளி வருகிறார். கடைசி வேலைகளை முடிக்க நேற்று மத்தியானம் கதவை மூடிக்கொண்டவர், ராத்திரி உள்ளேயே தூங்கிப்போயிருந்தார்.

"நல்லாச் சுட்டு எடுங்க, ஈரம் இருந்தா முளைச்சிடும்" என்று மனைவி அப்போதே சொன்னாள். "உன் தொணதொணப்புக்குப் பயந்துதான் இந்த அறையே" என்றார் இவர். அவள் முகம் சுண்டிப்போனது. ஏன்தான் சொன்னோமோ என்று அன்றிலிருந்து மனசு குறுகுறுத்தது.

கதவைத் திறந்து குரல் கொடுத்தார். "இங்க கொஞ்சம் வாயேன்! நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு!"

பதில் இல்லை. கோபம் இன்னும் ஆறவில்லை போலும். முதலாளி வந்துவிட்டுப் போகட்டும், காலில் விழுந்தாவது சமாதானம் செய்துவிடலாம்.

காளானைப் பிடுங்கினார். பாதிப் பலகையும் கையோடு வந்தது. பசை தடவி ஒட்டினார், நிற்கவில்லை. பசை காயட்டுமென்று ஹீட்டரைப் போட்டார். சூடு பட்டதும் பலகைக்குள் குடியிருந்த பூச்சிகள் குடும்பத்தோடு வெளியே கிளம்பின.

"பூச்சி மருந்து எங்கம்மா வச்சிருக்கே?"

அதற்கும் பதில் இல்லை. மொட்டை மாடியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். தானே சமையலறையைக் குடைந்து எடுத்து வந்து, டப்பா காலியாகும்வரை அடித்தார்.

முதலாளி உள்ளே வந்தார். ஒரு தும்மல். அடுத்தடுத்துத் தும்மல்.

"ரசாயனமே இல்லாத அறைன்னு சொன்னீங்க?" என்று மூக்கைப் பொத்தியபடி காரில் ஏறிப் போய்விட்டார்.

வடிவமைப்பாளர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த அவமானம் உண்டா? மன்னிப்புக் கேட்க மாடிக்குப் போகலாமென்று எழுந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் வீட்டுச் சாவியோடு வந்தாள்.

"அக்கா இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க சார். அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க."

"போயிட்டாளா? எங்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலையேம்மா!"

"நேத்து சாயங்காலம் உங்க அறைக் கதவுக்கிட்ட நின்னு எவ்வளவு நேரம் பேசினாங்க! 'உள்ளேருந்து என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டாப் போதும், நான் போகவே மாட்டேன்'னு சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் சார் பெட்டியத் தூக்கினாங்க."