“போறேன்னு சொல்லுங்க, ஐயா!”

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு விஷயம் அரைகுறையாகப் புரிந்தால் போதும், உடனே நாலு பேரைக் கூட்டிவைத்துப் பாடம் நடத்திவிடுவேன். (“அரைகுறையா? ஒனக்குக் கால்தான்” என்பார் என் வீட்டுக்காரர் குமரேசன்.) அந்த வியாதி முற்றிப்போய்த்தான், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெரிய மனிதரை, என் மகள் வாயால் ‘ஒரேயடியாகப் போய்ச் சேருங்கள்’ என்று சொல்லாத குறையாக வழியனுப்பி வைத்தேன்.

என் மகள் கயலுக்கு அப்போது ஏழு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேசுவது கொஞ்சம்தான். ஆனால் நாம் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே எடுத்துக்கொள்வாள். “தல வெடிச்சிடும் போல இருக்குது” என்று நான் சொன்னால் இரண்டடி தள்ளிப் போய் நின்று பார்ப்பாள்.

நாம்தான் ஊரோடு சேர்ந்து ஒரு பொய் சொல்கிறோமே, கிளம்பும்போது “போயிட்டு வரேன்” என்று! வரப்போவதே இல்லை என்றாலும் அப்படித்தான் சொல்வோம். “போறேன்” என்றால் அபசகுனம். கயலுக்கு இதெல்லாம் தெரியுமா? சிலிண்டர் போட்டவர் “வரேம்மா” என்று சொல்லிப் போனார். கயல் மத்தியானச் சோறுகூடத் தின்னாமல் சாயங்காலம் வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இழுத்தால் தரையில் விழுந்து அழுதாள். மீட்டர் ரீடிங் எடுக்கிறவர், கீரைக்காரம்மா, என் நாத்தனார் என்று எல்லாரும் இப்படி ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போவார்கள். மிச்சப் பொழுதை நாங்கள் கேட்டில் கழிப்போம்.

நான் பீங்கான் யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் வரைகிறவள். கடலூரில் தெரபி சொல்லிக்கொடுத்த மேடம், படம் போட்ட அட்டை வைத்துப் பழக்கலாம் என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. யூனிட்டில் கிடந்த அட்டைப்பெட்டியை வெட்டி இரண்டு அட்டை செய்தேன். ஒன்றில் ஒரு ஆள் போகிறான், திரும்பி வருகிறான், பக்கத்தில் கடிகாரம். அது ‘போயிட்டு வரேன்’. இன்னொன்றில் ஒரு ஆளின் முதுகு மட்டும். அது ‘போறேன்’.

குமரேசன் அந்த முதுகைப் பார்த்துவிட்டு, “யாரு தவறிட்டது?” என்று கேட்டார். நான் முறைத்தேன். அன்றைக்கே அந்த மனுஷன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

கயல் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். யார் கிளம்பினாலும் அவர்கள் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வாள். திரும்பி வருகிறவர் மணி சொல்ல வேண்டும், வராதவர் ‘போறேன்’ சொல்ல வேண்டும். சரியான வார்த்தை வந்தால்தான் செருப்பு. அடுத்த தடவை வந்த சிலிண்டர்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரகசியமாக “போறேம்மா” என்று சொல்லி ஓடினார். கேட்டில் நிற்பதும் அழுவதும் நின்றுபோயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு குடும்பங்கள் எங்கள் வீட்டில் கூடுவோம். எல்லார் வீட்டிலும் கயலைப் போல ஒரு பிள்ளை. நல்லூரிலிருந்து ஒரு குடும்பம், மங்களூரிலிருந்து (இது எங்கள் பக்கத்து மங்களூர்) ஒன்று, பெண்ணாடத்திலிருந்து மல்லிகா அக்கா. பிள்ளைகள் அவரவர் போக்கில் விளையாடும், பெரியவர்கள் மனசு விட்டு அழுவோம், சிரிப்போம். நான் பாடம் எடுப்பேன். “புள்ளைங்ககிட்ட பொய்யே பேசக் கூடாது. ஒரு பொய் சொன்னீங்கன்னா அவ்வளவுதான், அதுங்க நம்பிக்கையே போயிடும்!” மல்லிகா அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். (இன்னும் அந்த நோட்டு இருக்கிறது. கேட்டால் கொடுக்கமாட்டேன் என்கிறார்.)

சத்தம் தாங்கவில்லை, அடுத்த மாதத்திலிருந்து கூட்டம் கூடாது என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். இடம் இல்லையென்றால் அந்த ஆறு குடும்பமும் மறுபடி அவரவர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் யூனிட் முதலாளியிடம் கேட்டேன். முன்பு கப் காயவைத்த ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. “புள்ளைங்களப் பாக்கறேன்” என்று, ஆபரேஷன் ஆன உடம்போடு, தன் மனைவியையும் (யூனிட்டில் எல்லாருக்கும் அவர் ‘அம்மா’) கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டார்.

எல்லாம் பிரமாதமாக நடந்தது. சர்க்கரை இல்லாத டீ குடித்தார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். ஷெட் சாவியை மேசைமேல் வைத்தார். எழுந்தார்.

“சரிம்மா செல்வி, போயிட்டு வரேன்.”

கயல் அவர் செருப்போடு வாசலில் தயாராக நின்றாள். “எத்தினி மணிக்கு?”

அவர் சிரித்தார். “நான் எங்கம்மா வரப்போறேன்? இனிமே ஒங்க ராஜ்ஜியம்தான்!”

கயல் முதுகு அட்டையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். “வரமாட்டீங்க. போறேன்னு சொல்லுங்க, ஐயா.”

அம்மாவின் கை தாலிக்குப் போனது. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடுவேனா?

“தப்பா நெனைக்காதீங்கம்மா! அவ ஐயாவ அந்த மாதிரி போவச் சொல்லல. திரும்பி வரவே மாட்டாங்க பாருங்க, அவங்களத்தான் அப்படிச் சொல்லச் சொல்லுவா!”

“வாயக் கழுவுடி!” என்றார் அம்மா. “ஆண்டவன்கிட்ட மடிப்பிச்ச கேட்டு மீட்டுக்கிட்டு வந்திருக்கறேன்!” மேசையிலிருந்த சாவி அவர் கைப்பைக்குள் போனது.

கயலோ செருப்பைக் கொடுக்கவில்லை. பதறிப்போய் நான், “ஐயா நாளைக்கு வருவாருடி, பத்து மணிக்கு!” என்றேன். கயல் உடனே செருப்பைக் கீழே வைத்தாள். அவர்கள் போனார்கள். மல்லிகா அக்கா என்னைப் பார்த்தார், பிறகு நோட்டைப் பார்த்தார்.

மறுநாள் பத்து மணிக்குக் கயல் கேட்டில் நின்றாள். பத்தே கால் ஆயிற்று. என் பக்கம் திரும்பினாள். “வரல. அம்மா பொய்.”

ஷெட் போனால் போகட்டும், ஊரெல்லாம் என்னைத் திட்டட்டும். என் பிள்ளை இந்த உலகத்தில் நம்புவது என் வார்த்தை ஒன்றைத்தான். அதைப் போட்டு உடைத்துவிட்டேனே! அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன்.

அம்மாதான் கதவைத் திறந்தார். “இன்னும் என்ன சொல்லணும்னு வந்திருக்கற?”

“மன்னிச்சிடுங்கம்மா. இவகிட்ட ஐயா இன்னைக்கு வருவாருன்னு பொய் சொல்லிட்டேன். காலைலேர்ந்து காத்துக்கிட்டிருந்தா. பொய் சொன்னது நான்தான்னு இவ முன்னாடியே ஒத்துக்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

உள்ளே நாற்காலியில் இருந்த முதலாளியிடம் கயல் நேராகப் போனாள். “பத்து மணி ஆச்சு. வரல. வாங்க.”

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து ஒக்காருங்க, படுங்க, எங்கயும் போவாதீங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. வாங்கன்னு கூப்புட்டது இவ ஒருத்திதான்” என்று சொல்லி, சட்டையை மாட்டினார். அம்மா தடுத்தும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் அவரும் காரில் ஏறினார்.

எங்கள் வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். எழுந்தபோது கயல் செருப்போடு நின்றாள்.

முதலாளி நிதானமாகச் சொன்னார். “போயிட்டு வரேன். ஞாயித்துக்கெழம, காலைல பத்து மணிக்கு, ஷெட்டுக்கு.”

செருப்பு கிடைத்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமலே கைப்பையைத் திறந்து சாவியை என் கையில் வைத்தார்.

அதற்கப்புறம் வருவதாகச் சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் தவறியதில்லை. இப்போது பதினோரு குடும்பங்கள் வருகின்றன. நான் பாடம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். (குமரேசன் இதை மறுக்கிறார்.)

போன வருஷம் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா போன் செய்தார். “செல்வி, போனக் கயலுகிட்ட குடு. ரெண்டு வாரம் படுக்கணும்னு டாக்டரு சொல்றாரு. ஞாயித்துக்கெழம புள்ள காத்துக்கிட்டு நிக்கும்னு அடம் புடிக்கறாரு இந்த மனுஷன். அவ சரின்னு சொன்னாத்தான் அட்மிட் ஆவாராம்!”

கயல் போனை வாங்கினாள். “எந்த ஞாயிறு?” என்று கேட்டாள். தேதி சொன்னார்கள். காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, “சரி” என்றாள்.

அந்தத் தேதி வந்தது. காலையிலிருந்து நான்தான் பத்துத் தடவை ரோட்டை எட்டிப் பார்த்தேன், கயலுக்கு ஒரு கவலையும் இல்லை. முதலாளி மெலிந்து, அம்மாவின் தோளைப் பிடித்தபடி ஷெட் வாசலுக்கு வந்து நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறக்கப்போனேன். கயல் குறுக்கே கையை நீட்டி, கடிகாரத்தைக் காட்டினாள்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது.”

பெரிய மனிதர் இரண்டு நிமிடம் வெளியே வெயிலில் நின்றார். ‘என்னை இப்படி நிக்க வெச்ச ஆளு ஊர்லயே இவ ஒருத்திதான்’ என்று இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.