மண்மேட்டைப் புகழ்ந்து ஒரு பரிந்துரை வேண்டி

பெருமதிப்பிற்குரிய கொழுந்தனார் ஜூசோ அவர்களுக்கு, அண்ணி சுமியோ பணிவுடன் வரைவது.

கூரைப் பனி கரைந்து ஓட்டு விளிம்பில் சொட்டத் தொடங்கியிருக்கும் இப்பருவத்தில், தாங்களும் ஓரகத்தி மிஹருவும் நலமே இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும், தங்கள் அண்ணன் விட்டுச்சென்ற கிழப்பூனையும் நலம். பூனை என்னைவிடச் சற்று அதிக நலம். புத்தாண்டுக்குத் தாங்கள் அனுப்பிய உப்பிட்ட சால்மன் மீனுக்கு நன்றி தெரிவித்து அப்போதே எழுதியிருந்தேன். அந்த நன்றிக்குத் தாங்கள் தெரிவித்த நன்றியும் வந்து சேர்ந்தது. அதற்குரிய நன்றியை இத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நலவிசாரணையை இங்கு நிறுத்திக்கொண்டு, தங்களுக்குத் தொல்லை தரவேண்டி நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன். எங்கள் நகராட்சி மழலையர் பள்ளியின் முற்றத்தில் ஒரு மண்மேடு இருப்பது தாங்கள் அறிந்ததே. வடிகால் தோண்டியபோது அள்ளிப்போட்ட மண். ஒரு பக்கம் புல், மறுபக்கம் வெறும் சேறு. மழைக்காலம் முடிந்ததும் அதைத் தரைமட்டமாக்கி, பிள்ளைகளை இறக்கிவிட வரும் கார்கள் திரும்புவதற்கு இடம் அமைக்கப் போவதாக நகராட்சிக் குழந்தை நலப் பிரிவின் தலைவர் கமொஷிதா நேரில் வந்து அறிவித்தார். நான் அப்பள்ளியின் சமையலறையில் முள்ளங்கி நறுக்கியபடியே பாடநூல் படித்து, தேர்வெழுதி, ஆசிரியையாகிப் பின்னர் தலைமைப் பொறுப்பேற்றவள் என்பதால், எந்த அதிகாரியிடமும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் வழக்கம் எனக்கில்லை. மேட்டை எடுக்கக் கூடாது என்று தெளிவான சொற்களில் கூறினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"பெரிய டீச்சர், கோவப்படாதீங்க. காலையில வண்டி திருப்ப வழியில்லாம அம்மாமாருங்க ரோடு நெடுக நிக்கிறாங்க. மேட்டால பிள்ளைங்களுக்கு என்ன லாபம்னு எனக்குக் காகிதத்துல வேணும். உங்க மனசுல இருக்குறது ஃபைல்ல ஏறாது."

"அப்ப ஒரு ஆராய்ச்சி நடத்துறோம்" என்றேன்.

"தாராளமா நடத்துங்க. வெளியிலேர்ந்து நிதி வாங்கி முறையா ஒண்ணு நடக்குதுன்னா, அது முடியுற வரைக்கும் ஒரு மண்வெட்டியைக்கூட உள்ள விட மாட்டேன். ஆனா நகராட்சிகிட்ட மட்டும் காசு கேட்டுடாதீங்க."

ஆகவே, மேடு நிலைப்பதும் நீங்குவதும் மழைக்காலத்துக்குள் எனக்கு நிதி கிடைப்பதைப் பொறுத்ததாயிற்று. மழலைப் பருவ ஆய்வுக்கு நிதி வழங்கும் அறக்கட்டளைகள் நம் நாட்டில் ஏராளம் என்பதை நூலகத்துக் கணினியில் அமர்ந்து கண்டறிந்தேன். ஆயின் ஒரு சாரார் பிறந்த குழந்தையின் மூளையை மட்டும் ஆராய நிதி தருகின்றனர்; மறுசாரார் தொடக்கப் பள்ளியில் சேர்ந்த பின்னரே பிள்ளையைப் பிள்ளையாக மதிக்கின்றனர். நடக்கத் தெரிந்தும் எழுதத் தெரியாத மூன்று வயதினர் யாருடைய கவலையிலும் இல்லை. இன்னோர் அறக்கட்டளை மூன்று வயதை ஏற்றுக்கொண்டது. ஆனால் பிள்ளையின் கையில் தொடுதிரை இருந்தாக வேண்டும் என்றது. மேட்டின் மீது தொடுதிரையுடன் ஏறினால் தொடுதிரைக்கு என்ன நேரும் என்று வினவி எழுதினேன். விடை வரவில்லை. இறுதியில், தலைநகரில் பிஸ்கட் வியாபாரத்தில் செழித்த ஒரு குடும்பம் நிறுவிய அறக்கட்டளை பொருத்தமாக அமைந்தது. அங்கும் ஆய்வாளர் என்ற பெயருக்கு ஒரு கல்லூரியைச் சேர்ந்தவர் வேண்டும் என்றனர். எனவே சிவப்புப் பயறு இனிப்புப் பெட்டியொன்றை எடுத்துக்கொண்டு மகளிர் கல்லூரிக்குச் சென்று, மழலையர் கல்வித் துறையின் இளம் விரிவுரையாளர் ஒதாகிரி மிச்சிருவைச் சந்தித்தேன். அவர் மேட்டைப் பார்க்க வந்தார், வழுக்கி அமர்ந்தார், அமர்ந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார். "சாய்தள மண்பரப்பில் மூன்று வயதினரின் தன்னியல்பு இயக்கமும் சகவயது உறவும்" என்று அவர் தலைப்பிட்டார். எத்தகைய தலைப்பு! அதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆய்வு முறையை மிச்சிரு எழுதினார். நோக்கம், பயன், ஆய்வாளர் தகுதி ஆகிய பகுதிகளை, மொழிநடையில் எனக்குள்ள பயிற்சியைக் கருதி, நானே எழுதினேன். தகுதிவாய்ந்த ஒருவருக்கு விண்ணப்பிக்கும்போது எப்படி எழுத வேண்டுமோ அப்படியே எழுதினேன். "மாண்புமிகு தேர்வுக் குழுவினரின் பொன்னான நேரத்தைக் கவரத் துணிந்த இச்சிறு முயற்சியால் உலகுக்குப் பெரும்பயன் ஏதும் விளையப் போவதில்லை, கல்லாத முதியவள் ஒருத்தியின் வீண் கற்பனையெனப் பொறுத்தருள்க" என்பது பயன் குறித்த பகுதியின் தொடக்கம். இதில் ஒரு சொல்லையேனும் குறைகூற முடியுமா? தகுதி என்ற பகுதியில், மிச்சிரு நம் தரப்பைச் சேர்ந்தவராகிவிட்டதால், நம்மவரைப் பிறர்முன் தாழ்த்திக் கூறும் முறைப்படி, "அனுபவமற்ற பெண், தொட்டதெல்லாம் தவறாகும், கண்டித்துத் திருத்தியருள்க" என்று முடித்திருந்தேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அறக்கட்டளை அலுவலர் தொகிதா என்பவர் தொலைபேசியில் அழைத்தார். இளங்குரல், நல்ல மனிதர்.

"அம்மா, உங்க விண்ணப்பத்தைப் படிச்சேன். இவ்வளவு அழகா எங்களுக்கு யாருமே எழுதினதில்ல. அதான் மனசு கேக்காம கூப்பிடுறேன். பயன் ஒண்ணுமில்லன்னு நீங்களே எழுதிட்டீங்களேம்மா?"

"அது மரியாதைக்கு எழுதினது."

"எனக்குப் புரியுது. எங்க அம்மாவும் அப்படித்தான் எழுதுவாங்க. ஆனா மார்க் போடுறவருக்குப் பயன்னு ஒரு கட்டம் இருக்கு. அவர் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தவர். விண்ணப்பதாரரே ஒத்துக்கிட்டார்னு முட்டை போட்டுட்டார். தகுதிக்கும் முட்டைதான். தொட்டதெல்லாம் தப்பாகும்னா நான் என்னம்மா வாதாடுறது?"

மிச்சிருவிடம் இதைக் கூறி, தரையில் நெற்றிபட மன்னிப்புக் கேட்க ஆயத்தமாகச் சென்றேன். அவர் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க அம்மா என் மாமியார்கிட்ட என்னைப் பத்திச் சொன்னது அப்படியே இருக்கு, பெரிய டீச்சர். ஒரு வார்த்தை மாறல!" என்றார். அடுத்த சுற்றுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று தொகிதா கூறியிருந்தார். ஆனால் இம்முறை பெருமையாக எழுத வேண்டுமாம். பெருமை பேசுவதற்கு எந்தக் கடித நூலிலும் மாதிரி இல்லை. நான்கு நூல்களில் தேடிவிட்டேன். வேறு வழியின்றி, எங்கள் பள்ளிச் சமையற்காரி யாசுயோவை எதிரே அமர்த்தி வாய்மொழியாகப் பழகலானேன்.

"சொல்லுங்க பெரிய டீச்சர், எங்க ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சி."

"எங்க ஆராய்ச்சி... அவ்வளவு மோசமில்ல."

"அடக்கடவுளே. மீன்காரர் எப்படிக் கூவுறார்? கெட்டுப்போன மீனையே நல்ல மீனுங்கறார். உங்ககிட்ட இருக்கறது நல்ல மீனு. கூவுங்க!"

"எங்க ஆராய்ச்சி, பெரியவங்க பார்த்துச் சொன்னா, ஓரளவு..."

"போங்க. எனக்குச் சோறு குழையுது."

முகம் சிவந்ததைத் தவிர அன்று பலன் இல்லை. இதற்கிடையில் தொகிதா மற்றொரு நிபந்தனையும் கூறினார். மேடு உள்ள பள்ளியை மேடில்லாத பள்ளியோடு ஒப்பிட்டால்தான் ஆய்வு செல்லும் என்பதே அது. இவ்வூரில் முற்றமுள்ள வேறு பள்ளி, ஆற்றுக்கு அப்பால் குசானோ அம்மையார் நடத்தும் தனியார் பள்ளி ஒன்றுதான். முற்றம் முழுவதும் செயற்கைப் புல். பில்லியர்ட்ஸ் மேசை போலிருக்கும். டோக்கியோ நிதியையும் ஒப்பீட்டையும் பற்றி முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டு, அவரிடமும் ஓர் இனிப்புப் பெட்டியுடன் சென்றேன்.

"வாங்க சுமியோ டீச்சர். உங்க பிள்ளைங்களை ஆத்தோரம் பார்த்தேன். சேத்துல ஊறப்போட்ட முள்ளங்கி மாதிரி இருந்துச்சுங்க. எங்க பிள்ளைங்க வெள்ளை சாக்ஸோட வந்து வெள்ளை சாக்ஸோட போகுதுங்க."

"உங்க பள்ளிக்கூடத்தோட எங்களை வச்சுப் பார்க்கவே முடியாது. எங்க மேடு வெறும் மண்ணுக் குவியல்" என்று முறைப்படி கூறினேன்.

"அப்புறம் அந்த மண்ணுக்கு எதுக்கு டோக்கியோக்காரங்க நிதி தரப் பாக்கறாங்க?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். பின்னர் என்னை வாயில்வரை வந்து வழியனுப்பினார்; இதற்கு முன் அவர் அவ்வாறு செய்ததில்லை. ஒப்பீட்டுக்கும் சம்மதித்தார்.

இப்போது எஞ்சியிருப்பது ஒன்றே. ஆய்வின் சிறப்பை வேறொருவர் புகழ்ந்தெழுதிய பரிந்துரைக் கடிதம் வேண்டும். என்னால் இயலாது, மிச்சிருவோ நம் தரப்பு. தாங்கள் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற நாளன்று, தங்கள் சாதனைகளைக் குறித்துத் தாங்களே ஆற்றிய உரையை நான் மறக்கவில்லை. சூப் ஆறி, அதன்மேல் ஏடு படிந்து, மிஹரு மேசைக்கு அடியில் தங்கள் காலை மிதித்த பின்னரும் அது தொடர்ந்தது. அத்தகைய கூச்சமற்ற நடை நம் குடும்பத்தில் வேறு எவருக்கும் வாய்க்கவில்லை. இதைக் குறையாகக் கூறவில்லை. அந்த ஆற்றலை எங்கள் மேட்டுக்குச் சற்றே கடனாகத் தர வேண்டுகிறேன்.

என்ன எழுதுவது என்று தாங்கள் கேட்கக் கூடும். விண்ணப்பத்தில் நான் எழுத வெட்கப்பட்டதைத் தங்களிடம் கூறுகிறேன். சேற்றுப் பக்கமாக ஏறும் பிள்ளை பாதியில் வழுக்கினால், ஆசிரியை பார்க்கிறாரா என்று முதலில் திரும்பிப் பார்க்கும். பார்க்கிறார் என்றால் அழும். பார்க்கவில்லை என்றால், பக்கத்தில் ஏறும் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கப்பட்ட பிள்ளை உதறாது; நின்றுகொள்ளும். அப்படி நில் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் ஒவ்வோர் ஆண்டும் கவனித்து வருகிறேன். தட்டையான தரையில் இது நடப்பதில்லை. மேடு போனால் இதுவும் போகும், போனது எவருக்கும் தெரியவும் தெரியாது. இதைத் தாங்கள் தங்கள் நடையில் எழுதினால் உலகக் கண்டுபிடிப்பு போல் தோன்றும். நான் எழுதினால் மன்னிப்புக் கடிதம் போல் ஆகிவிடும்.

பனி கரையும் காலத்துச் சளி மிகப் பொல்லாதது. கழுத்துத் துணியின்றி வெளியே செல்ல வேண்டாம். மிஹருவுக்கு என் அன்பும், தங்கள் இல்லத்தில் எல்லா மங்கலமும் பெருக வேண்டும் என்ற வேண்டுதலும். அடுக்கற்ற இக்கடிதத்தால் தங்கள் கண்களை வருத்தியதற்குப் பொறுத்தருள்க.

வணங்கி அமையும்,
கனமோரி சுமியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் வேளையில் கமொஷிதா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். குசானோ அம்மையார் செயற்கைப் புல்லைச் சுருட்டிவிட்டு, லாரிகளில் மண் இறக்கி, முற்றத்தின் நடுவே மேடு எழுப்பிவிட்டாராம். "டோக்கியோ ஆய்வாளர்கள் வியந்த மேடு" என்று வாயிலில் பலகையும் வைத்தாயிற்றாம். ஒப்பிடுவதற்கு இனி இவ்வூரில் தட்டையான முற்றமே இல்லை. தொகிதாவிடம் தொலைபேசியில் கேட்டேன். ஒப்பீடு இல்லையேல் ஆய்வும் இல்லை, நிதியும் இல்லை என்று மிக வருந்திக் கூறினார். மிச்சிருவின் தலைப்பு குளிர்சாதனப் பெட்டியின் கதவோடு நின்றுவிட்டது.

ஆனால் கமொஷிதா அந்த வருத்தத்துக்கு நேரம் கொடுக்கவில்லை. "பெரிய டீச்சர், தனியார் பள்ளியில மேடு இருந்து நகராட்சிப் பள்ளியில இல்லைன்னா, பெத்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா? அங்க இருந்தா இங்கயும் இருந்தாகணும். நம்ம மேடு இருக்கட்டும். வண்டி திருப்ப வேற இடம் பார்க்கிறேன். ஆனா அவங்களோடது நம்மளதைவிடக் கொஞ்சம் உசரமாம். ஒரு லாரி மண்ணு அனுப்பட்டுமா?" என்றார்.

மேடு உயர்ந்து செங்குத்தாகிவிட்டால், ஏறும் பிள்ளையின் கால் வழுக்கும் பிள்ளைக்கு எட்டாமல் போகுமே என்று எனக்குப் பதறிவிட்டது. "எங்க மேடு இந்த மாவட்டத்துலயே நல்ல மேடு! ஒரு கூடை மண்ணுகூட அதுக்கு வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். சமையலறையில் யாசுயோ கரண்டியைக் கீழே போட்டாள். கமொஷிதா எந்த ஆதாரமும் கேட்கவில்லை. "மாவட்டத்துலயே நல்ல மேடு" என்று அப்படியே குறித்துக்கொண்டு, தலை தாழ்த்திவிட்டுப் போனார்.

ஆகவே பரிந்துரை தேவைப்படாது. தபால்தலை ஒட்டிவிட்டபடியால் மட்டுமே இதை அனுப்புகிறேன். தங்கள் உரையைப் பற்றி எழுதிய பகுதியை மிஹரு படிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.