தோளில் வைக்க வேண்டிய கை

மூன்றாவது தடவையும் டாக்டர் மேசையைத் தாண்டிப் போய் விழுந்தார்.

“கட்! யோவ் பல்டி, உன்னை யாருய்யா அடிச்சா?” என்று கத்தினார் இயக்குநர்.

“யாரும் அடிக்கலை சார். அண்ணன் கையைத் தூக்குனாரு. உடம்பு தானாப் போயிடுச்சு.”

டாக்டர் என்பது வேஷம். ஆள் சண்டை நடிகர். இருபது வருஷமாக நாயகன் கையைத் தூக்குவார், பல்டி பறப்பார். கைக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். மிச்சத்தைப் பல்டியே பார்த்துக்கொள்வார்.

அந்த நாயகனுக்கு அடிதடி அலுத்துவிட்டதாம். சாதுவான அப்பாவாக நடிக்க ஆசையாம். சினிமாக்காரன் ஆசையை நம்பவே கூடாது. மகள் பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொல்ல, அப்பா அவர் தோளில் கை வைத்துக் கலங்க வேண்டும். காட்சி அவ்வளவுதான்.

பல்டிக்கு இதுதான் முதல் வசனம். வீட்டில் அவர் மகள் சொல்லி அனுப்பியிருந்தாள்: “ஒரு படத்துலயாவது சீன் முடியற வரைக்கும் நில்லுப்பா. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உன் உள்ளங்காலைத்தான் பாத்திருக்காங்க.”

லைட்மேன் வந்து அவர் காலை மேசையோடு கயிறு போட்டுக் கட்டினார். நாயகன் கையைத் தூக்கினார். மேசையும் சேர்ந்து போனது.

“கையைப் பாக்காதே. கண்ணை மூடிக்கிட்டு வசனத்தைச் சொல்லு” என்றார் இயக்குநர்.

“உங்க பொண்ணு பொழச்சிட்டா...” என்று ஆரம்பித்தார் பல்டி. நாயகனின் செருப்புச் சத்தம் ஓரடி முன்னால் வந்தது. அதுவே போதுமாயிருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸையும் இழுத்துக்கொண்டு விழுந்தார்.

அடுத்து, மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேரும் போய்ச் சுவரில் மோதினார்கள். சுவர் அட்டை. அதுவும் சாய்ந்தது.

நாயகன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“ரொம்ப வலிச்சுதாய்யா?” என்று மெதுவாகக் கேட்டார்.

பெரிய மனிதரிடம் மரியாதைக்காக ஏதாவது சொல்ல வேண்டுமே. “அண்ணன் கை பட்டது என் பாக்கியம்ணே. இருபது வருஷமாப் பழகின உடம்பு, தாங்கும்” என்றார் பல்டி.

நாயகன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“கெடுத்தியா! கோவிச்சுக்கிட்டாரு” என்று தலையில் அடித்துக்கொண்டார் இயக்குநர். “கோட்டைக் கழட்டு. நாளைக்கு ஒரு நிஜ டாக்டரையே கூட்டிட்டு வரேன்.”

பல்டி கோட்டைக் கழற்றினார். மகளிடம் என்ன சொல்வது? இன்னொரு வாய்ப்புக் கேட்டுத்தான் பார்ப்போம் என்று நாயகன் அறைப் பக்கம் போனார். இயக்குநரும் பின்னாலேயே ஓடினார்.

ஒப்பனைக்காரம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

“கொஞ்ச நேரம் யாரும் உள்ள போகாதீங்க. இருபது வருஷமா ஒரு அப்பாவியை நிஜமாவே அடிச்சிருக்கேனேன்னு ரெண்டு கையையும் மடியில போட்டுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழறாரு. டாக்டர் வேஷம் பல்டிக்கேதானாம், தோளைத் தொடாம அண்ணன் தூர நின்னு கும்பிட்டுக்கிறாராம்.”